மலையை அளந்த சனிக்கிழமை

அன்று காலையிலும் கன்னியம்மாள் மருமகளிடம் பேசவில்லை.

பேசவில்லையே தவிர, கவனிப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. இட்லி ஆவி பறக்க இருந்தது. எழிலரசிக்குப் பிடிக்கும் என்று காரச் சட்னியில் பூண்டு தாராளமாக விழுந்திருந்தது. தட்டை மட்டும் கையில் கொடுக்காமல் மேடைமேல் வைத்துவிட்டு, "சாப்புட்றவங்க சாப்புட்லாம்" என்று சுவரிடம் சொன்னாள்.

வளவன் ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டே சிரித்தான். "ஏம்மா, சுவத்துக்கா பசிக்குது?"

"உனக்கு வேங்கிக்கால் பஸ்ஸு போயிடும். கெளம்பு."

அவன் எழிலரசியைப் பார்த்தான். என்னால் இவ்வளவுதான் முடியும் என்றது அந்தப் பார்வை. கலெக்டர் ஆபீஸில் சனிக்கிழமையும் விடாமல் மனுக்களுக்குப் பதில் சொல்கிறவனுக்கு, பெற்ற தாயிடம் மனுப் போடத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். எழிலரசி அடி அண்ணாமலை அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து அரை வருஷம் ஆகிறது. காலாண்டுத் தேர்வில் அவளுடைய பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் தேறவில்லை. சொந்த நாத்தனார் கவியாவும் அந்தப் பாதியில்தான் இருந்தாள். சைன், காஸ், டேன் என்று சொன்னாலே பிள்ளைகள் முகம் இருண்டுபோகும். அவர்களுக்கு அவை பரீட்சை ஹாலில் காத்திருக்கும் பேய்களின் பெயர்கள்.

போன வாரம் ஒருநாள் கரும்பலகையில் ஒரு முக்கோணம் வரைந்துவிட்டுத் திரும்பியவளுக்கு, ஜன்னல் நிறைய மலை தெரிந்தது. கைக்கு எட்டுகிற இடத்தில் இப்படி ஒரு முக்கோணம் நிற்க, சாக்பீஸால் என்ன வேலை என்று தோன்றியது.

"சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்ல நாம மலையை அளக்கப் போறோம்" என்று அறிவித்துவிட்டாள்.

சேதி அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

"அளக்கப் போறியா? எத?" என்று கேட்டாள் கன்னியம்மாள். "அடிமுடி காண முடியாதவன்னு அவனுக்குப் பேரு. ஒருத்தரு அன்னமா மேல பறந்தாரு, ஒருத்தரு பன்னியா கீழ நோண்டுனாரு. ரெண்டு பேராலயும் ஆவல. உன் பத்தாங்கிளாஸ் புள்ளைங்க பிளாஸ்டிக் கொம்பாஸை வச்சிக்கினு கண்டுபுடிச்சிடுமா?"

அப்போதுதான் எழிலரசி அந்தத் தப்பைச் செய்தாள். சிரித்துவிட்டாள்.

கேலியாகச் சிரிக்கவில்லை. பன்றியையும் கொம்பாஸையும் சேர்த்துச் சொன்ன அழகுக்குச் சிரித்தாள். ஆனால் பௌர்ணமி தவறாமல் பெண்களைச் சேர்த்துக்கொண்டு கிரிவலம் போகிறவள் கன்னியம்மாள். வளவன் குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண் செருகிக் கிடக்க, மடியில் போட்டுக்கொண்டு மலையைப் பார்த்தபடியே ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவள். அவளுக்கு அது கல்லும் மண்ணும் இல்லை. பிள்ளையைத் திருப்பிக் கொடுத்த ஆள்.

அன்றைக்கு மூடிய வாய்தான். இன்றும் திறக்கவில்லை.

எழிலரசி தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டியபோது, உள்ளறையிலிருந்து கவியா சீருடையில் வந்தாள். ஒரு பக்கம்தான் பின்னல் முடிந்திருந்தது.

"கவியா இன்னிக்கு இஸ்கூலுக்குப் போவாது" என்றாள் கன்னியம்மாள். "வயித்து வலி."

கவியா விழித்தாள். "எனக்கு வயித்து வலி இல்லையேம்மா."

"வரும்."

எழிலரசி பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். மாமியார் மறித்த பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக அவளால் முடியாது. கவியாவும் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் எப்போதும் அப்படித்தான். வீட்டில் உட்கார வைத்துச் சொல்லித் தரட்டுமா என்று எழிலரசி கேட்டபோதுகூட, "வீட்லயும் மிஸ்ஸா? வேணாம் அண்ணி" என்று நழுவிவிட்டாள். வகுப்பில் ஜன்னலோர பெஞ்சு. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள். பதில் வராது.

எழிலரசி வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகவே கிளம்பினாள்.

*

தலைமையாசிரியர் ஆதிமூலம் ஆபீஸ் அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு மூணு பெத்தவங்க போன் பண்ணாங்கம்மா. சாமியை அளக்கறதுதான் உங்க சிலபஸான்னு கேக்கறாங்க."

"ஏற்றக்கோணம் சிலபஸ்ல இருக்கு சார்."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியணுமே. நீங்க இன்னும் ப்ரொபேஷன்ல இருக்கீங்க. ஒருத்தர் ஒரு பெட்டிஷன் எழுதிப் போட்டா போதும், நான் உங்களுக்காகவும் பதில் எழுதணும், எனக்காகவும் பதில் எழுதணும்."

எழிலரசி தலை குனிந்தாள். "நிறுத்திடவா சார்?"

ஆதிமூலம் மைதானத்தைத் தாண்டிப் பார்த்தார். மார்கழிப் பனி விலகிக்கொண்டிருந்தது. மலையின் இடுப்பில் மட்டும் வெள்ளையாக ஒரு துண்டு மிச்சம் இருந்தது. உச்சியில் வெயில் விழுந்திருந்தது.

"இந்த ஊருக்கு மாத்தலாகி வந்த நாள்லேர்ந்து தெனம் பாக்கறேன். எவ்ளோ ஒசரம்னு எனக்கும் தெரியாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மதியத்துக்குள்ள முடிச்சிட்டு வந்துடுங்க. மலைமேல ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. புரியுதா?"

"கால் வைக்கவே தேவையில்லை சார். அதான் பாடமே."

*

கோணமானியின் நேர் விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டி, நடுவிலிருந்து நூலைக் கட்டி, நூல் முனையில் ஒரு நட்டைத் தொங்கவிட்டால் கருவி தயார். பிள்ளைகள் அதை நேற்றே செய்து வைத்திருந்தார்கள். சக்திவேல் மட்டும் நட்டுக்குப் பதிலாக அவன் அப்பாவின் டிராக்டர் போல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். நூல் அறுந்து அவன் காலிலேயே விழுந்தது. வகுப்பு சிரித்து ஓய்ந்தது.

மைதானத்தின் மேற்கு ஓரத்தில் முதல் இடம். ஒவ்வொரு குழுவாக வந்து ஸ்ட்ராவுக்குள் ஒரு கண்ணை வைத்து உச்சியைத் தேடியது.

"மிஸ், காணோம் மிஸ்."

"எது காணோம்?"

"மலை!"

"ஸ்ட்ராவை மேல தூக்குடா. நீ தண்ணித் தொட்டியைப் பாக்கற."

பெரிய மலை ஒரு சின்னக் குழாய்க்குள் வந்து உட்கார்ந்த கணத்தில் ஒவ்வொரு பிள்ளையும் வாயடைத்துப் போனதை எழிலரசி கவனித்தாள். தினம் பார்க்கிற மலை. பல் விளக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அடி வாங்கி அழும்போது எதிரே நிற்கிற மலை. இப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அவளுக்கு அந்த உணர்வு புரிந்தது. அவள் பிறந்த கீழ்பென்னாத்தூரில் இருந்து பார்த்தால் மலை நீலமாக, கைக்குட்டை அளவுக்கு, வானத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். கல்யாணமாகி இங்கே வந்த முதல் காலையில் கதவைத் திறந்தவள் பயந்துபோய் ஒரு அடி பின்னால் வைத்தாள். யாரோ வாசலில் வந்து நிற்பதுபோல் இருந்தது. அந்தப் பயம் போய்விட்டது. ஆனால் அந்த ஒரு அடி பின்னால் வைக்கிற மனசு போகவில்லை.

எல்லாக் குழுவும் சொன்ன கோணங்களைக் கூட்டிச் சராசரி எடுத்தாள் நந்தினி. வகுப்பிலேயே வேகமாகக் கணக்குப் போடுகிறவள். பதினைந்து பாகை வந்தது.

அடுத்த இடத்துக்கு, மலைக்கு முதுகு காட்டி, மேற்கே நேராக நடக்க வேண்டும். நைலான் கயிற்றை இழுத்து இழுத்து வைத்து அளந்துகொண்டே வண்டிப் பாதையில் போனார்கள். கயிறு வளையும்போதெல்லாம் "நேரா! நேரா!" என்று முப்பது குரல்கள் கத்தின. வழியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "இன்னா சர்வே? ரோடு போடறாங்களா?" என்று கேட்டார்.

"மலை எவ்ளோ ஒசரம்னு பாக்கறோம் தாத்தா!"

"அதுக்கு ஏன் அந்தப் பக்கம் போறீங்க? மலை இந்தப் பக்கம் இருக்குது!"

கேள்வி நியாயமானது. எழிலரசியே அதில் ஒரு நிமிஷம் லயித்துப்போனாள். ஒரு பொருளை அறிந்துகொள்ள அதை விட்டு விலகிப் போக வேண்டியிருக்கிறது. விலக விலகக் கோணம் எவ்வளவு சுருங்குகிறதோ, அதற்குள் உயரம் ஒளிந்திருக்கிறது. பல வருஷமாகப் போட்டுப் போட்டுப் பழகிய கணக்கு இன்றைக்கு அவளுக்கே புதிதாக இருந்தது.

தொள்ளாயிரம் மீட்டரில் கயிறு நின்ற இடம் அவள் மாமனார் அர்ஜுனனின் நிலம். மல்லாட்டை என்று அந்த ஊரில் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கி முடித்து வெறுமையாகக் கிடந்தது. மருமகள் கேட்டபோது அவர் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை. "அதுக்கென்னம்மா, வாங்க" என்றார். காலையில் வந்து முள்ளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளுக்கு ஒரு குடம் தண்ணீரும் வைத்திருந்தார்.

"மிஸ்! கவியா!" என்றான் சக்திவேல்.

வரப்பின்மேல் ஓடி வந்துகொண்டிருந்தாள். ஒரு பக்கம் பின்னல், ஒரு பக்கம் காற்றில். எதிரே வந்து நின்று இரைக்க இரைக்கச் சுவாசித்தாள்.

"வயித்து வலி?" என்று கேட்டாள் எழிலரசி.

"வரல மிஸ்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு எழிலரசி அவள் கையில் கருவியைக் கொடுத்தாள். "முதல்ல நீ பாரு."

கவியா பார்த்தாள். மற்றவர்கள் கை ஆடியது, நூல் ஆடியது. அவள் கை ஆடவில்லை. மூச்சைக்கூட நிறுத்திவிட்டாள் போலிருந்தது. நூல் மெல்ல ஓய்ந்து செங்குத்தாக நின்றது.

அப்போதுதான் வரப்பில் அடுத்த ஆள் வருவது தெரிந்தது.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கன்னியம்மாள் வந்தாள். பின்னாலேயே கிரிவலக் கூட்டத்தில் இரண்டு பெண்கள். பிள்ளைகள் வழி விட்டு ஒதுங்கினார்கள். அர்ஜுனன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பார்க்காத மாதிரி கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கவியா! நட ஊட்டுக்கு!"

கவியா கண்ணை எடுக்கவில்லை. "ஒரு நிமிஷம்மா. கை ஆடக்கூடாது."

"இன்னாடி சொன்ன?"

"ஒரே நிமிஷம்மா."

குரலில் திமிர் இல்லை. அழுகையும் இல்லை. சாமி முன்னால் நிற்கும்போது பேசாதே என்று யாராவது சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. என்ன நினைத்தாளோ, கன்னியம்மாள் நின்றுவிட்டாள்.

"நந்தினி, நூல் தொண்ணூறுலேர்ந்து எவ்ளோ தள்ளி நிக்குதுன்னு பாரு" என்றாள் கவியா மெதுவாக.

நந்தினி குனிந்து படித்தாள். "பதினொண்ணு."

மற்றவர்களும் பார்த்தார்கள். சராசரியும் அங்கேயே வந்து நின்றது.

*

பனை மரத்தில் சாய்த்து வைத்த சின்னக் கரும்பலகையில் நந்தினி எழுத, எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்து அட்டவணையிலிருந்து டேன் பதினைந்தையும் டேன் பதினொன்றையும் சக்திவேல் உரக்கப் படித்தான். பேய்களின் பெயர்களை அவன் இவ்வளவு தைரியமாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

கன்னியம்மாள் போகவில்லை. மகளை இழுத்துக்கொண்டும் போகவில்லை. கூட வந்த பெண்களோடு பத்தடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கடைசி வரி வந்தது. நந்தினி அதன் கீழே இரண்டு கோடு போட்டாள். 637.

"அறுநூத்து முப்பத்தேழு மீட்டர்!"

கைதட்டல் எழுந்தது. "நம்ம கண்ணு ஒசரத்தையும் கூட்டணும் மிஸ்" என்று ஒரு பெண் சொல்ல, "நீ இருக்கற ஒசரத்துக்கு அது ஒண்ணும் ஜாஸ்தி ஆவாது" என்று இன்னொருத்தி சொல்ல, சிரிப்பு. எழிலரசி தன் போனை சக்திவேலிடம் நீட்டினாள். "நெட்ல சரியான ஒசரம் போட்டிருக்கும். தேடிப் படி."

அவன் தேடினான். முகம் மாறியது.

"மிஸ்... எண்ணூத்திப் பதினாலுன்னு போட்டிருக்குது."

பிள்ளைகள் போனையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"கம்மியா வந்திருக்குது" என்றான் சக்திவேல், தன்னால்தான் என்பதுபோல.

எழிலரசி பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். கூட்டல் சரி. வகுத்தல் சரி. கோணத்தில் அரைப் பாகை தவறியிருந்தால்கூட ஐம்பது, போனால் நூற்றிருபது மீட்டர் முன்னே பின்னே வரலாம். இவ்வளவு எங்கே போயிற்று? வீட்டில் போட்ட சண்டை, தலைமையாசிரியர் தந்த அனுமதி, பேயை விரட்டிவிட்டோம் என்று பூரித்து உட்கார்ந்திருக்கும் இந்த முகங்கள் எல்லாம் அந்த இரண்டு கோட்டின்மேல் நின்றன.

"பாத்தீங்களா" என்றாள் கூட வந்த பெண்களில் ஒருத்தி. "தன்னை அளக்க வுடல அவரு."

கன்னியம்மாள் முகத்தில் வெற்றி இல்லை. மருமகளின் விரல் பலகையில் ஒவ்வொரு வரியாக மறுபடி ஊர்வதை அவள் பார்த்துவிட்டாள்.

"பசங்களா..." என்று எழிலரசி தொடங்கினாள். "மிஸ்ஸுக்கும் இது எங்க தப்பா போச்சுன்னு இப்பத் தெரியல. யோசிச்சு..."

"தப்பில்ல மிஸ்."

யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பினார்கள். கவியா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். இந்த அரை வருஷத்தில் கேட்காமலே அவள் எழுந்து நிற்பது இதுதான் முதல் தடவை.

"சொல்லு கவியா."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ரயில்வே டேஷன்ல மஞ்சா போர்டு இருக்குது இல்ல மிஸ், ஊர் பேரு போட்டு. அதுக்குக் கீழ சின்னதா ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. சின்னப் புள்ளையில அப்பாகிட்ட அது இன்னான்னு கேட்டேன். கடல் மட்டத்துலேர்ந்து இந்த ஊரு அவ்ளோ ஒசரத்துல இருக்குதுன்னு சொன்னாரு." கிணற்றுப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். "நெட்ல போட்டிருக்கறது கடல்லேர்ந்து மிஸ். நாம அளந்தது இங்கேர்ந்து."

எழிலரசி சக்திவேல் பக்கம் கையை நீட்டினாள்.

போனைத் திரும்ப வாங்கினாள். விரல் இரண்டு தடவை தப்பாக அழுத்தியது. அவர்கள் நிற்கும் தரை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று தேடினாள். நூற்றெண்பதுக்குப் பக்கம் என்று வந்தது.

"கூட்டு நந்தினி" என்றாள்.

நந்தினி கூட்டினாள். எண்ணூற்றுச் சொச்சம். நெட்டில் வந்த எண்ணோடு ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு நின்றது. ஸ்ட்ராவும் நூலும் நட்டும் வைத்து இவ்வளவு நெருங்கியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கவியா சொன்னதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கில்லை.

யாரும் கைதட்டவில்லை. அது கைதட்டுகிற நேரமாக இல்லை.

"அப்ப..." என்றான் சக்திவேல், தரையைப் பார்த்து. "மீதி மலை எங்க இருக்குது?"

"இங்கதான்" என்றாள் கவியா. பேசப் பேச அவள் குரல் திறந்தது. "நம்ம காலுக்குக் கீழ. மலை அங்க ஆரம்பிக்குதுன்னு நெனச்சிக்கினு இருக்கோம். அது எப்பவோ ஆரம்பிச்சிடுச்சி. இந்த நெலம், நம்ம ஊடு, இஸ்கூலு எல்லாமே அது மேலதான் நிக்குது. அடி நமக்குத் தெரியாது. நாமதான் மேல நிக்கறோமே, எப்படித் தெரியும்?"

பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து மண்ணைப் பார்த்தார்கள். பிடுங்கி முடித்த மல்லாட்டைச் சருகும், வெடித்த செம்மண்ணும், ஓர் எறும்பு வரிசையும்தான் இருந்தன. ஆனால் யாருமே கொஞ்ச நேரம் காலை நகர்த்தவில்லை.

எழிலரசி நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். அவள் கணக்கு அதைக் குறைத்துவிடும் என்று அத்தை பயந்தாள். எழிலரசிக்குமே உள்ளூர அந்த உறுத்தல் இருந்தது. ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் ஒன்று சின்னதாகிவிடுமோ என்று. இப்போது அது இன்னும் பெரிதாக நின்றது. காலுக்குக் கீழேயும் பரவிவிட்டது.

கன்னியம்மாள் மெதுவாக முன்னால் வந்தாள். வந்தவள் நின்று, இரண்டு செருப்பையும் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறுங்காலோடு கரும்பலகைக்குப் பக்கத்தில் வந்து அந்த எண்களைப் பார்த்தாள். அவளுக்கு அவை புரியாது. ஆனாலும் கோலத்தைப் பார்ப்பதுபோல் உன்னிப்பாகப் பார்த்தாள்.

பிறகு மருமகள் பக்கம் திரும்பினாள்.

"எழிலு, கடலோட முடிஞ்சிடுதா? அதுக்குக் கீழ இன்னும் இருக்குதா?"

பல நாளைக்குப் பிறகு காதில் விழுந்த தன் பெயர். எழிலரசிக்குக் கண் கலங்கியது. சமாளித்துக்கொண்டு, தெரிந்ததை மட்டும் சொன்னாள்.

"கடலுக்குக் கீழயும் பாறை போவுது அத்தை. எவ்ளோ தூரம்னு என்கிட்ட கணக்கு இல்ல."

கன்னியம்மாள் தலையை ஆட்டினாள். "அதான்" என்றாள். அந்த ஒரு சொல்லில் கோபம் இல்லை. நிம்மதி இருந்தது.

மகளிடம் போய், அவிழ்ந்து பறந்த பக்கத்துக் கூந்தலை எடுத்துப் பின்னத் தொடங்கினாள். அத்தனை பேருக்கு முன்னாலும்.

*

விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு கலகலவென்றிருந்தது. வேகவைத்த மல்லாட்டையை முறத்தில் கொட்டி நடுவில் வைத்துக்கொண்டு எல்லோரும் உரித்தார்கள். வளவன் வந்ததும் வராததுமாக நடந்ததையெல்லாம் அம்மாவே அவனுக்குச் சொன்னாள். சொல்லும்போது, "மிஸ்ஸே முழிச்சிக்கினு நிக்கறாங்கடா, இவ எழுந்தா பாரு" என்று ஓர் இடத்தில் எழிலரசியையும் ஒரு வாங்கு வாங்கினாள்.

"உண்மைதான்" என்றாள் எழிலரசி. "எனக்கு அது தோணவே இல்ல. இந்த மாதிரி யோசிக்கிற புள்ளையை நான் இன்னும் பாத்ததில்லீங்க. பத்தாவது முடிச்சதும் ஃபர்ஸ்ட் குரூப்ல சேத்துடணும். இங்க பத்தோட சரி. டவுன்லதான் சேக்கணும்."

கவியா தலை நிமிரவில்லை. ஆனால் உரித்த பருப்பை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

அர்ஜுனன் தொண்டையைக் கனைத்தார்.

"அது வந்து... எங்கக்கா எல்லம்மா கேட்டுக்கினே இருந்துச்சி. பத்தாவது பரீட்சை முடிஞ்சதும் கவியா கீழ்பென்னாத்தூருல அதுங்கூட இருக்கட்டும்னு. தொணைக்குத் தொணையா, கடையையும் பாத்துக்கும். அப்புறம் பதினெட்டு முடிஞ்சா அதோட புள்ள பிரகாஷுக்குன்னு பேச்சு." மகளைப் பார்க்காமல் முறத்தைப் பார்த்துச் சொன்னார். "நேத்து சரின்னு வார்த்தை குடுத்துட்டேன். காலையில வெத்தலபாக்கோட வர்றாங்க."

யாரோ சுவிட்சை அணைத்ததுபோல் ஆயிற்று.

"அப்பா, என்னையும் ஒரு வார்த்தை கேக்கலையே" என்றான் வளவன்.

"உன் அத்தைதானடா. அந்நியமா?"

"மாமா" என்றாள் எழிலரசி. "நீங்கதானே நெலத்தைக் குடுத்தீங்க. முள்ளெல்லாம் ஒதுக்கி வச்சீங்க."

அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் அவளை இன்னும் கலங்க வைத்தது. "கடைசி வருசமாச்சேம்மா. புள்ள ஆசைக்கு வெளையாடட்டும்னுதான் குடுத்தேன்."

கவியா எழுந்தாள். கையிலிருந்த பருப்பை முறத்திலேயே திரும்பப் போட்டாள். அழுவாள் என்று எழிலரசி நினைத்தாள். அழவில்லை.

"ரயில் போர்டு நம்பர் இன்னான்னு நீதானப்பா சொல்லிக்குடுத்த" என்றாள். "வெளையாட்டுக்கா சொன்ன?"

அர்ஜுனன் முறத்துப் பக்கம் குனிந்துகொண்டார்.

கன்னியம்மாள் மடியில் கிடந்த தோலையெல்லாம் நிதானமாகக் கூட்டி அள்ளினாள். புருஷனைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தாள்.

"எழிலு, டவுனு இஸ்கூலுக்கு இன்னா இன்னா எடுத்துக்கினு போவணும்?"

அதற்குள் அர்ஜுனனின் போன் அடித்தது. எல்லம்மாள். காலையில் எத்தனை மணிக்கு வருவதென்று கேட்கத்தான் இருக்கும். அவர் கை நீட்டத் தயங்கிய நேரத்தில், கன்னியம்மாள் எட்டிப் போனை எடுத்தாள்.

"சொல்லு அண்ணி" என்றாள். "நான்தான் பேசறேன்."